இளநீர், தேங்காய்ப்பால் கடை தொடங்குவோருக்கு: தாள்கள், செலவு, நேரம்

இளநீரும் தேங்காய்ப்பால் பானங்களும், அவற்றோடு ஓரிரு தேங்காய்ச் சமையல்களும் விற்கும் ஒரு சிறிய கடையைத் தமிழ்நாட்டின் நகரத்திலோ பேரூரிலோ முதன்முறையாகத் தொடங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இத்தகைய கடை ஒன்றைத் தொடங்கியபோது, எந்த அலுவலகத்தில் எந்தத் தாள் வேண்டும், பிழிந்த பால் எத்தனை மணி நேரம் தாங்கும், ஒரு காய்க்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பவற்றைத் தனித்தனியாக ஒவ்வொருவரிடமும் கேட்டு அலைந்துதான் தெரிந்துகொண்டோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் வாங்கும் விலையில் இழக்கும் பணத்தைவிட, அதைத் திறந்த பிறகு வீணாகும் நேரத்தில் இழக்கும் பணம் அதிகம். மூடியிருக்கும்வரை காய் தன்னைத் தானே காத்துக்கொள்ளும். அரிவாள் பட்ட கணத்திலிருந்து காப்பது உங்கள் பொறுப்பு. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரே கணக்கைச் சுற்றித்தான் அமைந்துள்ளன.

1. எதை விற்கப் போகிறீர்கள் என்று எழுதி முடிவு செய்யுங்கள்

இந்தத் தொழிலில் மூன்று நிலைகள் உள்ளன. காயைச் சீவி அப்படியே கையில் கொடுப்பது முதல் நிலை. இதில் கெட்டுப்போகும் வாய்ப்பு மிகக் குறைவு. இளநீரையும் வழுக்கையையும் தேங்காய்ப்பாலையும் கலந்து டம்ளரில் தருவது இரண்டாவது. இதற்குச் சுத்தமான தண்ணீரும் குளிர்பதனப் பெட்டியும் பழகிய கையும் வேண்டும். சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு, பாயாசம் போன்றவற்றைச் சமைத்து விற்பது மூன்றாவது. ஒரே நாளில் மூன்றையும் தொடங்காதீர்கள். முதல் மாதம் காய் மட்டும், அடுத்த மாதம் இரண்டு பானங்கள், வாடிக்கையாளர்களின் ஓட்டம் பிடிபட்ட பிறகு மாலை நேரத்துச் சமையல் என்ற வரிசை நல்லது.

பாட்டிலில் அடைத்து விற்கும் எண்ணத்தை முதல் ஆண்டில் தள்ளி வையுங்கள். இளநீரின் அமிலகாரத்தன்மை எண் (pH) ஏறத்தாழ 5 முதல் 5.5 வரையும், தேங்காய்ப்பாலினது 6 அளவிலும் இருக்கிறது. அந்த எண் 4.6க்கு மேல் இருக்கும் எந்தப் பண்டமும் அமிலம் குறைந்த உணவு என்ற வகையைச் சேரும். அதை வீட்டில் கொதிக்கவைத்துப் பாட்டிலில் மூடி அலமாரியில் வைப்பது பாதுகாப்பானதன்று, ஏனெனில் கொடிய நச்சை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் காற்றில்லாத அந்தச் சூழலில் வளர முடியும். கடைகளில் கிடைக்கும் அடைக்கப்பட்ட இளநீரின் பின்னால் தொழிற்சாலை நிலையிலான பதப்படுத்தும் முறை இருக்கிறது. மேலும், அடைத்து விற்றால் நிகர அளவு, அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, உட்பொருள் பட்டியல், முகவரி என்று பாட்டிலில் ஒட்டும் சிட்டையில் அச்சிட வேண்டியவை பெருகும். ஓட்டோடு விற்கும் இளநீருக்கு இல்லாத சரக்கு மற்றும் சேவை வரியும் வந்து சேரும். அடைத்துப் பெயரிட்ட இளநீருக்கு 2025 செப்டம்பர் 22 முதல் அந்த வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்றாலும், தொடக்கத்தில் அது உங்களுக்கு வேண்டாத சுமை.

2. தாள்களை முதலில் முடியுங்கள்

கடை வாடகைக்கு முன்பணம் கொடுத்து, பெயர்ப்பலகை மாட்டி, அதன்பின் தாள்களுக்கு அலைவது பலரும் செய்வது. வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது அலுவலகங்களில் காத்திருப்பது வீண் செலவு. தை மாதத்தில் தாள்கள், மாசியில் காய் பேசுதல், பங்குனி பிறக்கும்போது கடை என்று திட்டமிட்டால் வெயில் ஏறும் காலத்தில் விற்பனை தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்கினால் முதல் இரண்டு மாதமும் கையிலிருந்து செலவழிக்க வேண்டியிருக்கும்.

முதலாவது, உணவுப் பாதுகாப்புப் பதிவு. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டப்படி, தள்ளுவண்டியில் இளநீர் விற்பவர் உட்பட உணவு விற்கும் அனைவருக்கும் இது பொருந்தும். சிறு வணிகர்களுக்குப் பதிவு, பெரியவர்களுக்கு உரிமம் என்று இரண்டு வகை உண்டு; உங்களுக்கு வேண்டியது பதிவு. ஃபாஸ்காஸ் என்ற அரசு இணையத்தளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், ஆதார் போன்ற அடையாளச் சான்று, கடை முகவரிக்கான சான்று ஆகியவற்றை முன்கூட்டியே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் விண்ணப்பித்தபோது கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. நடப்புத் தொகையை அந்தத் தளத்திலேயே பார்த்துவிட்டுச் செலுத்துங்கள்.

இங்கேதான் முதல் பொறி இருக்கிறது. இணையத்தில் தேடினால் அரசுத் தளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் பக்கங்கள் முதலில் வந்து நிற்கும். அவை இதே பதிவுக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும். முகவரி ‘ஜிஓவி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே தொலைபேசி எண்ணைக்கூடக் கொடுங்கள். கணினி பழக்கமில்லை என்றால் இ-சேவை மையத்துக்குச் சென்று, பணம் கட்டியதற்கான அரசு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

2011ஆம் ஆண்டின் விதிமுறைகள்படி, விண்ணப்பம் சேர்ந்த 7 நாளுக்குள் பதிவு தரப்பட வேண்டும், அல்லது காரணத்தோடு மறுக்கப்பட வேண்டும், அல்லது நேரில் ஆய்வு செய்வதாக அறிவிக்க வேண்டும். ஆய்வு வந்தால் மேலும் 30 நாள் வரை ஆகலாம் என்பதால், ஒன்றரை மாதம் ஒதுக்கிக்கொள்வது நிம்மதி. உணவு பாதுகாப்பு அலுவலர் வரும்போது தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும், உணவைக் கையாளும் ஒவ்வொருவரின் மருத்துவத் தகுதிச் சான்றையும் கேட்பார். மருத்துவச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். டைஃபாய்டு தடுப்பூசி போட்டதற்கான குறிப்பும் அதில் இருக்கட்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைப் பயன்படுத்துபவர்கள் தண்ணீர்ப் பரிசோதனையை விண்ணப்பிக்கும் முன்பே செய்துவிடுங்கள், அறிக்கை வரக் காலம் பிடிக்கும். பதிவு கிடைத்ததும் 14 இலக்க எண்ணுடன் சான்றிதழைக் கடையில் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும்.

இரண்டாவது, உள்ளாட்சி அமைப்பின் தொழில் உரிமம். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என இடத்துக்கு இடம் கட்டணம் மாறும். வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சொத்து வரி ரசீது ஆகியவற்றின் நகல் வேண்டும். சொத்து வரி நிலுவையில் இருந்தால் உங்கள் விண்ணப்பமும் அங்கேயே நிற்கும். ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அந்த ரசீதை உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். தள்ளுவண்டியோ நடைபாதையோ என்றால், 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழு வழியாக விற்பனைச் சான்றிதழும் அடையாள அட்டையும் பெற வேண்டும். அந்த அட்டை இருந்தால் பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் ஈடில்லாக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். 2020இல் 10,000 ரூபாயாகத் தொடங்கிய முதல் தவணைக் கடன் 2025இல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

மூன்றாவது, உத்யம் எனப்படும் குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. வங்கிக் கடனுக்கு இது உதவும். ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், முற்றிலும் இலவசம். இதற்கும் பணம் கேட்கும் பக்கங்கள் உண்டு என்பதால் மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் பொருந்தும்.

மின் இணைப்பையும் மறந்துவிடாதீர்கள். வீட்டு முகப்பில் கடை வைப்பவர்கள் வீட்டு இணைப்பிலிருந்தே குளிர்பதனப் பெட்டிக்கு வயர் இழுக்கிறார்கள். வணிகத்துக்கு வணிக விகித இணைப்பு தனியாக வேண்டும். இல்லையெனில் ஆய்வில் விதிக்கப்படும் தொகை ஒரு மாத லாபத்தை எடுத்துக்கொண்டு போய்விடும்.

3. காய் பேசுங்கள்

இளநீருக்கு ஏற்ற காய், பாளை வெடித்து 6 முதல் 7 மாதம் ஆனது. அப்போதுதான் நீரின் அளவும் இனிப்பும் உச்சத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் வழுக்கை தடித்து, நீர் குறைந்து, இனிப்பும் இறங்கும். 11, 12 மாதத்தில் கிடைப்பது பால் பிழிவதற்கான முற்றல். இரண்டையும் ஒரே தோப்பில் பேசலாம் என்றாலும் ஒரே விலையில் பேசாதீர்கள். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கத்து இளநீரும், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தேங்காயும் எங்கள் பகுதிக்குத் தாராளமாக வருகின்றன. குட்டை இரகங்களில் சவுக்காடு ஆரஞ்சுக் குட்டை இளநீருக்கென்றே பெயர் பெற்றது; செவ்விளநீர் கேட்டு வருபவர்களுக்காகச் சில காய்களாவது வைத்திருப்பது நல்லது.

தோப்புக்காரரிடமோ வியாபாரியிடமோ பேசும்போது மூன்று செய்திகளை வெளிப்படையாகக் கேட்டு முடியுங்கள். குலையைக் கயிறு கட்டி இறக்குகிறார்களா, கீழே போடுகிறார்களா என்பது முதலாவது. கீழே விழுந்த இளநீரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டாகி, வெளியே பச்சையாக இருக்கும்போதே உள்ளே புளித்துவிடும். வெடித்த காயையும் முற்றிய காயையும் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பது இரண்டாவது. வெட்டிய மட்டையை ஏற்றிச் செல்வார்களா என்பது மூன்றாவது. இதன் முக்கியத்துவம் கடைசிப் படியில் விளங்கும். சித்திரை, வைகாசியில் விலை ஏறும் என்பதால், மாசியிலேயே வாரத்துக்கு இத்தனை காய் என்று ஒரு விலையைப் பேசி, சிறு முன்பணம் கொடுத்துத் தாளில் எழுதிக்கொள்வது உங்களுக்கும் அவருக்கும் நல்லது.

எடுக்கும்போது காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். நல்ல இளநீர் கையில் கனக்கும், சத்தம் வராது. தளும்பினால் நீர் குறைந்திருக்கிறது என்று பொருள். முற்றலுக்கு இது நேர்மாறு: ஆட்டினால் தளும்ப வேண்டும், சத்தமே இல்லாத முற்றலை ஒதுக்கிவிடுங்கள். உரித்த காயின் மூன்று கண்களும் உலர்ந்திருக்க வேண்டும். ஈரமோ பூஞ்சையோ தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

மட்டையும் காம்பும் சேர்ந்த இளநீரை நிழலில், தரையில் படாமல், சாக்கு விரித்து வைத்தால் சில நாள்கள் தாங்கும். மட்டையைச் செதுக்கிவிட்டால் 24 முதல் 36 மணி நேரத்துக்குள் புத்துணர்வு போய்விடும். ஆகவே, அழகுக்காக முன்கூட்டியே செதுக்கி அடுக்கி வைக்கும் பழக்கம் உங்கள் அளவுக் கடைக்குப் பொருந்தாது. செதுக்கிய காய் மீந்தால் அன்றே குளிர்பதனப் பெட்டிக்குள் போக வேண்டும். 2021இல் டென்மார்க்கில் ஒரு முதியவர், மேல்மட்டை நீக்கிய தேங்காயை ஏறத்தாழ ஒரு மாதம் வெளியிலேயே வைத்திருந்து அதன் நீரைச் சிறிதளவு உறிஞ்சினார். சுவை கெட்டிருப்பதை உணர்ந்து அவர் உடனே நிறுத்தியும், உள்ளே வளர்ந்திருந்த பூஞ்சையின் நச்சு அவர் உயிரைப் பறித்தது. இது அரிதிலும் அரிது. ஆனாலும் சந்தேகமுள்ள காயைச் சுவைத்துப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, பார்த்தும் முகர்ந்தும் சந்தேகம் வந்தால் அப்படியே எறிந்துவிட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

4. இளநீர் பானங்கள்

வாடிக்கையாளர் “அண்ணே, தண்ணிக் காயா ஒண்ணு, லேசா வழுக்கையா ஒண்ணு” என்று கேட்பார். தட்டிப் பார்த்தும் நிறம் பார்த்தும் இதைப் பிரித்து எடுக்கும் திறமை ஓரிரு வாரத்தில் கைவந்துவிடும். அதுவரை அனுபவமுள்ள ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். அரிவாள் வீச்சையும் அவரிடமே பழகுங்கள்.

கலவைப் பானங்களுக்கு ஒரே விதி: ஒவ்வொரு காயையும் தனி டம்ளரில் ஊற்றி, நிறமும் மணமும் பார்த்த பிறகே பொதுப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். புளித்த காய் ஒன்று நேரே பாத்திரத்தில் விழுந்தால், அதற்கு முன் ஊற்றிய இருபது காயின் நீரும் போயிற்று. காற்றுப் பட்ட இளநீர் சிறிது நேரத்தில் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்துப் பலர் கலப்படம் என்று அஞ்சுகிறார்கள். காயிலேயே உள்ள நொதிகள் காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை அது. குடித்தால் தீங்கில்லை என்றாலும் விற்க முடியாது. எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டுக் குளிரில் வைத்தால் நிற மாற்றம் தாமதமாகும்.

வழுக்கை சர்பத்துக்கு ஒரு காயின் நீர், அதன் வழுக்கையில் பாதி, ஒரு மேசைக்கரண்டி நன்னாரி சர்பத், அரை மூடி எலுமிச்சை, சிட்டிகை உப்பு போதும். எடுத்த அந்த வழுக்கையில் பாதியை மட்டும் மிக்சியில் அடித்து, மீதியைச் சிறு துண்டுகளாக நறுக்கிப் போடுங்கள். முழுவதையும் அடித்தால் கஞ்சி போலாகிவிடும். ஐஸ் கட்டியைப் பற்றி ஒரு சொல். மீன் ஏற்றும் ஐஸ் பாறையை உடைத்துப் பானத்தில் போடுவது குற்றம். குடிநீரில் நீங்களே உறையவைத்த ஐஸ் வேண்டும், அல்லது காயையே இரவில் குளிரவைத்துவிட்டால் ஐஸே தேவைப்படாது.

இளநீர்க் கடல்பாசி நன்றாக விற்கும், ஆனால் புதியவர்கள் பலர் அதைத் திரிதிரியாக்கிவிடுகிறார்கள். 10 கிராம் கடல்பாசியை (சைனா கிராஸ்) 250 மில்லிலிட்டர் தண்ணீரில் முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட்டு, அறை வெப்பத்தில் உள்ள 750 மில்லிலிட்டர் இளநீரில் ஊற்றிக் கலக்குங்கள். இளநீரைக் கொதிக்கவைத்தால் அதன் மணம் போய்விடும். குளிர்ந்த இளநீரில் ஊற்றினாலோ கடல்பாசி 40 பாகைக்கு (டிகிரி செல்சியஸ்) கீழே உறையத் தொடங்குவதால் பட்ட இடத்திலேயே இறுகிக் கட்டி கட்டியாக நிற்கும். கலந்த உடனே வழுக்கைத் துண்டுகளைத் தூவித் தட்டில் ஊற்றி, ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, அன்றைக்கே விற்றுவிடுங்கள்.

5. தேங்காய்ப்பால் எடுத்தல்

கடையின் பெயர் நிலைப்பதும் கெடுவதும் இதில்தான். நடுத்தரத் தேங்காய் ஒன்று ஏறத்தாழ 200 கிராம் துருவல் தரும். அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் 200 மில்லிலிட்டர் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, மிக்சியில் விட்டுவிட்டு அடித்து, துவைத்து வெந்நீரில் அலசிய வெள்ளைத் துணியில் பிழிந்தால் 225 முதல் 250 மில்லிலிட்டர் வரை முதல் பால் கிடைக்கும். மிக்சியை நிறுத்தாமல் ஓட்டினால் சூடேறி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். கொதிநீர் ஊற்றினாலும் அப்படித்தான். அதே சக்கைக்கு மீண்டும் 250 மில்லிலிட்டர் ஊற்றி இரண்டாம் பாலும், சொதிக்கு என்றால் மூன்றாம் பாலும் எடுக்கலாம். கொட்டாங்குச்சியை ஒட்டிய பழுப்புத் தோல் துருவலில் சேர்ந்தால் பால் மங்கும். ஆகவே அழுத்தித் துருவ வேண்டாம்.

பிழிந்த பாலைப் பசும்பால் போல எண்ணக்கூடாது. காய்ச்சாத தேங்காய்ப்பால் நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் நிற்கக்கூடாது. சுவை மாறும் முன்பே நுண்ணுயிரிகள் பெருகிவிடும். பிழிந்த உடனே 5 பாகைக்குக் கீழே குளிரவைத்தால் அந்த நாள் முழுவதும் பயன்படுத்தலாம். மறுநாளுக்கு வைத்து விற்பதில்லை என்று எங்கள் கடையில் விதியே வைத்திருக்கிறோம். காலையில் மொத்தமாகப் பிழிவதைவிட, முற்பகல் ஒரு முறை, பிற்பகல் ஒரு முறை எனச் சிறு சிறு அளவில் பிழிவது வேலை கூடினாலும் நட்டத்தைக் குறைக்கும். பிழிந்த நேரத்தைச் சிறு தாளில் எழுதிப் பாத்திரத்தில் ஒட்டுங்கள். கடையில் இருவர் வேலை செய்தால் இது கட்டாயம்.

பானத்துக்கு முதல் பாலும் இரண்டாம் பாலும் கலந்து அரை லிட்டர் எடுத்து, 60 முதல் 75 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து மண் போக வடிகட்டி, நன்றாக ஆறிய பிறகு சேர்த்து, ஏலக்காயும் சுக்கும் சிட்டிகை உப்பும் போட்டால் மூன்று டம்ளர் வரும். பாகு சூடாக இருக்கும்போது ஊற்றினால் பால் திரிந்துவிடும். கருப்பட்டி போட்டால் மணம் கூடும், அடக்கமும் கூடும்.

இன்னொரு பொறி குளிரில் இருக்கிறது. தேங்காயின் கொழுப்பு 24 பாகைக்குக் கீழே உறையும். கெட்டியான முதல் பாலை மட்டும் வைத்துப் பானம் செய்து குளிரவைத்தால், மேலே வெள்ளைத் துணுக்குகள் மிதந்து நாக்கில் மெழுகாக ஒட்டும். குடிப்பவர் கெட்டுவிட்டது என்றே நினைப்பார். குளிர்ந்த பானத்துக்கு இரண்டாம் பால் பங்கைக் கூட்டி, ஊற்றும் முன் மிக்சியில் ஒரு சுற்று அடியுங்கள். கெட்டிப் பால் சூடான பானத்துக்கும் ஆப்பத்துக்கும்தான் தோது.

விற்பனை எதிர்பாராமல் கூடும் நாளுக்கு அட்டைப் பெட்டியில் வரும் தேங்காய்ப்பால் ஒன்றிரண்டு கையிருப்பில் இருக்கலாம். வாங்கும்போது தேங்காய்ச் சாறு எத்தனை சதவீதம் என்று சிட்டையில் பாருங்கள். அதைப் பயன்படுத்திய நாளில் “இப்போது பிழிந்தது” என்று சொல்லி விற்காதீர்கள்.

6. சமையலில் சேர்த்தல்

மாலை நேரத்துக்குச் சொதியும் இடியாப்பமும் வைத்தாலே போதும். சொதி திருநெல்வேலிப் பக்கத்து விருந்துச் சமையல் என்றாலும் எங்கள் ஊரிலும் கேட்டு வருகிறார்கள். இரண்டு தேங்காய், 100 கிராம் பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் சேர்ந்து அரைக் கிலோ, காரத்துக்கேற்ப எட்டு முதல் பத்து பச்சை மிளகாய், சிறு துண்டு இஞ்சி என்று கொண்டால் பத்துப் பேருக்கு வரும். காய்களை மூன்றாம் பாலில் வேகவிட்டு, வெந்த பருப்பையும் இரண்டாம் பாலையும் சேர்த்து, அரைத்த மிளகாயும் இஞ்சிச் சாறும் விட்டு மிதமான தீயில் வைத்திருங்கள். முதல் பாலை ஊற்றியதும் ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்க வேண்டும். தளதளவென்று கொதித்தால் பாலின் புரதம் திரண்டு, எண்ணெய் தனியாகவும் நீர் தனியாகவும் பிரியும். எலுமிச்சைச் சாறு அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகுதான். தக்காளி, புளி சேரும் எந்தக் குழம்புக்கும் இதே முறை: புளிப்பு முதலில் வெந்து அடங்கட்டும், பால் கடைசியில் வரட்டும்.

விற்கும் நேரம் முழுவதும் சொதி 60 பாகைக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும், ஆனால் கொதிக்கவும் கூடாது. நேரடி அடுப்பில் இதைச் செய்ய முடியாது. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சொதிப் பாத்திரத்தை இறக்கி வையுங்கள். மீந்ததை மறுநாள் சுடவைத்து விற்காதீர்கள்.

இளநீர்ப் பாயாசத்துக்குப் பசும்பாலைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்து முழுவதும் குளிரவைத்து, அதன்பின் அரைத்த வழுக்கையும் தேங்காய்ப்பாலும் கலக்க வேண்டும். கலந்த பிறகு அடுப்பில் ஏற்றுவதே இல்லை. அடுப்பு காணாத பொருள்கள் சேருவதால் இதற்குக் கைச்சுத்தமும் குளிரும் இரு மடங்கு தேவை.

முற்றல் உடைக்கும்போது வரும் நீரைக் கொட்டிவிடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சேர்த்து ஆப்ப மாவு அரைக்க ஊற்றினால் மாவு நன்றாகப் புளித்துப் பொங்கும். சக்கை சிறிது பொரியலுக்குப் போகும். மீதி மாட்டுக்குப் போகட்டும்.

7. விலை வைப்பது

கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். காய் 32 ரூபாய் வீதம் 100 காய்க்கு 3,200 ரூபாய். வண்டியும் இறக்குகூலியும் 300. உறிஞ்சுகுழல், டம்ளர் 150. மட்டை அகற்ற 200. வாடகை, மின்சாரம், ஆள் கூலியில் அந்த நாளின் பங்கு 1,000. மொத்தம் 4,850 ரூபாய். நூற்றில் ஆறு காய் வெடித்தோ முற்றியோ போகும் என்று வைத்தால் விற்கக்கூடியவை 94; ஒரு காயின் அடக்கம் ஏறத்தாழ 52 ரூபாய். 32க்கு வாங்கி 50க்கு விற்றால் 18 ரூபாய் நிற்கும் என்று தோன்றும், ஆனால் ஒவ்வொரு காயிலும் இரண்டு ரூபாய் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கும். 60க்கு விற்றால் நாளுக்கு 790 ரூபாய் மிஞ்சும், அதுவும் அந்த 94 காயும் விற்றுத் தீர்கிற நாளில். ஆகவே ஒவ்வொரு வாரமும் எத்தனை காய் வீணாயிற்று என்று எழுதி வையுங்கள்; ஆறு பத்தானால் தோப்புக்காரரிடம் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

உறிஞ்சுகுழல் வாங்கும்போது கவனம் தேவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் நெகிழி உறிஞ்சுகுழலும், நெகிழிப் பூச்சுள்ள காகிதக் குவளையும் தடை செய்யப்பட்டுள்ளன. மொத்தக் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கினால் பறிமுதலும் அபராதமும் உங்களுக்குத்தான். காகித உறிஞ்சுகுழலும், கழுவிப் பயன்படுத்தும் எவர்சில்வர் டம்ளரும் வைத்துக்கொள்ளுங்கள்.

8. பலகையில் எழுதக்கூடாதவை

‘சர்க்கரை நோய் தீரும்’, ‘சிறுநீரகக் கல் கரையும்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். நோய் தீர்க்கும் என்று உணவுக்கு விளம்பரம் செய்வது சட்டப்படி தவறு. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அபராதத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதடைந்தவர்களும், சிலவகை இரத்த அழுத்த மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிப்பது ஆபத்து. டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்று தெரிந்தால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்கு இளநீர் மட்டும் போதும் என்று நம்புபவர்களிடமும், அதில் சோடியம் குறைவு, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் அவசியம் என்று சொல்லி அனுப்புங்கள்.

9. மட்டை

நூறு இளநீர் விற்றால் மாலையில் ஒரு சிறு குன்று சேரும். வெறும் கூட்டில் மழைநீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு அதில் முட்டையிடும் என்பதால் சுகாதார ஆய்வாளர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். அக்கம்பக்கத்தாரின் புகாரும் பெரும்பாலும் இங்கிருந்துதான் எழும். குடித்து முடித்த உடனே காயை இரண்டாகப் பிளந்து கவிழ்த்துப் போடுங்கள், வழுக்கை எடுக்கவும் அதுவே வசதி. காய் இறக்க வரும் வண்டியிலேயே மட்டையைத் திருப்பி ஏற்றுவதற்குத் தோப்புக்காரர் ஒப்புக்கொண்டிருந்தால் இந்தச் செலவு பாதியாகும், மட்டையும் அவர் தென்னைக்கே மூடாக்காகப் போய்ச் சேரும். இல்லையென்றால், கடை திறக்கும் முன்பே உள்ளாட்சியின் குப்பை வண்டி மட்டையை எடுக்குமா, எந்த நேரத்துக்கு வரும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று துப்புரவு மேற்பார்வையாளரிடம் நேரில் கேட்டு, அந்தத் தொகையை ஏழாம் படியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.